அக்கா நீக்கிய கேள்வி

எழுதுவது என் வேலை இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில், உள்ளே வருகிற பெட்டிகளையும் வெளியே போகிற பெட்டிகளையும் பதிவு செய்கிற குமாஸ்தா. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறந்து பேச எனக்கு வராது. அப்படிப்பட்டவன் ஒரு மனுஷியைப் பற்றி, அதுவும் உயிரோடு இருந்தபோது ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஒரு மனுஷியைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதைச் சொல்லாமல் இனி இருக்க முடியவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எடைமேடை அறையில் இருக்கிற பழைய பிரிண்டரில்தான் இது தொடங்குகிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அது எண்களின் மேல்பாதியை மட்டும் அடிக்க ஆரம்பித்தது. எட்டும் ஒன்பதும் ஒன்றுபோல் இருந்தன. வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன. "ஏலே, எடைச்சீட்டு குடுக்கியா, இல்ல இங்கனயே பாய விரிச்சுப் படுத்துரவா?" என்று ஒரு டிரைவர் சன்னலைத் தட்டினார். மேலாளரிடம் போய்ச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான், எக்செல் வேலைகளைச் சுலபமாக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தமிழில் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்குப் பிரிண்டரும் தெரிந்திருக்கும் என்று நினைத்து, போனில் அந்தக் கேள்வியை அங்கே போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் குழுவின் விதிகளைப் படித்தேன். நிரல் தொடர்பான கேள்விகள் மட்டும் என்று முதல் வரியிலேயே இருந்தது. காது மடல் சூடாகிவிட்டது. எப்படி அழிப்பது என்று தெரியாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தபோதே பதில் வந்துவிட்டது.

"வணக்கம். இது நிரல் பற்றிய கேள்வி இல்லை, ஆனாலும் அவசரம் என்று புரிகிறது. மேல்பாதி மட்டும் விழுகிறது என்றால் ரிப்பன் ஒரு பக்கமாக இறங்கியிருக்கலாம். மூடியைத் திறந்து ரிப்பனை இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள். சரியாகாவிட்டால் பிரிண்டரின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் பழுது பார்க்கிறவர்களின் எண் இருக்கும். நிரல் பற்றி எது கேட்கத் தோன்றினாலும் வாருங்கள்." அவ்வளவுதான். அழுத்தினேன், ரிப்பன் டக்கென்று உட்கார்ந்தது, எட்டு எட்டாகவும் ஒன்பது ஒன்பதாகவும் விழுந்தன. நன்றி என்று எழுதினேன். அடுத்த நிமிஷம் என் கேள்வியும் அந்தப் பதிலும் குழுவிலிருந்து காணாமல் போயிருந்தன. யாரும் சிரிக்கவில்லை, யாரும் பார்க்கக்கூட இல்லை. மறுநாள் எனக்கு மட்டும் தனியாக ஒரு வரி வந்தது. "பிரிண்டர் ஒழுங்காக இருக்கிறதா?" அதை எழுதியவரைக் குழுவில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அந்த ஒரு வரிக்காகத்தான் குழுவில் தங்கினேன் என்று சொல்லலாம். பிறகு மெதுவாகக் கற்றுக்கொண்டேன். கண்டெய்னர் எண்ணில் கடைசியாக இருக்கிற இலக்கம், முன்னால் இருக்கிற எழுத்துகளையும் எண்களையும் சரிபார்ப்பதற்காக வைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எண் தவறாக எழுதப்பட்டிருப்பது தெரிந்துவிடும். அதைப் போட்டுப் பார்க்கிற ஒரு சின்ன நிரலை மூன்று மாதம் முட்டி மோதி எழுதினேன். குழுவில் இருபது பேராவது அதில் கை வைத்திருப்பார்கள். அது முதல் தடவை சரியாக ஓடியபோது யார்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி, "ஒங்க கம்ப்யூட்டர் அக்கா என்ன சொன்னாவ?" என்றுதான் கேட்டாள். அக்கா "சபாஷ்" என்று எழுதியிருந்தார். அதை அவளிடம் காட்டினேன். "இதுக்குத்தான் ரெண்டு நாளா வாய்ல கொழுக்கட்டைய வச்சுக்கிட்டுச் சுத்துனீங்களா?" என்று சிரித்தாள்.

எங்கள் குழுவுக்கு வருகிற கேள்விகளில் பாதி எங்களுக்குச் சம்பந்தமில்லாதவை. கம்ப்யூட்டர்காரர்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை ஊரில் பலமாக இருக்கிறது. ஆதாரில் பெயர் தப்பாக இருக்கிறது, எங்கே மாற்றுவது? ஸ்ரீவைகுண்டத்துக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு? போனில் சார்ஜ் நிற்கவில்லை, என்ன செய்ய? சங்கு குளிக்கிற ஒருவர் ஒருமுறை மூன்று படம் அனுப்பி, இதில் எது உண்மையான வலம்புரி என்று படத்தைப் பார்த்தே சொல்லுகிற ப்ரோகிராம் இருக்கிறதா என்று கேட்டார். அக்கா அதற்கு, "உங்கள் கேள்வியில் பாதி எங்களுடையது, மீதி கடலுடையது. எங்கள் பாதிக்குப் பதில் சொல்கிறோம்" என்று எழுதினார். படங்களைப் பிரித்தறிவது பற்றி இரண்டு நாள் பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் அந்த மனிதர், "எல்லாரும் இவ்வளவு பேசுதீங்களே, கையில எடுத்து வாயைப் பாத்தா நானே சொல்லிருவேன். சும்மாதான் கேட்டேன்" என்று எழுதினார். அக்கா அன்றைக்குச் சிரிப்புப் படம் போட்டார். அவர் போட்டு நான் பார்த்த ஒரே சிரிப்புப் படம் அது. கேட்டவரே சிரித்துவிட்ட பிறகுதான் நாம் சிரிக்கலாம் என்பது அவர் வழக்கம்.

ஒன்றரை வருஷம் கழித்து, குழுவைப் பார்த்துக்கொள்கிற ஐந்தாறு பேரில் என்னையும் ஒருவனாகச் சேர்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்வதற்கும் கூச்சம், அதனால் சேர்ந்துவிட்டேன். முதல் வாரத்திலேயே உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒருவர், நாளைக்கு மழை உண்டா, உப்பு வாரலாமா என்று கேட்டார். நான் மிகுந்த மரியாதையோடு, "ஐயா, மன்னிக்கவும், இது அதற்கான இடம் இல்லை" என்று எழுதிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. அதுவரை அக்காவின் குரலைக் கேட்டதில்லை. எழுத்தில் அவர் சுத்தமான தமிழ் எழுதுவார். பேச்சு முழுக்க நாசரேத்துப் பக்கத்துப் பேச்சு.

"தம்பி, நான்தான் பேசுதேன். ஒங்க குரல் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். எங்க, நீங்க இன்னும் ஒண்ணுமே பேசலியே."

நான் ம் என்றேன்.

"உப்பளத்து அண்ணாச்சிக்கு மரியாதையாத்தான் பதில் போட்டிருக்கீங்க. ஆனா அந்த மனுசன் இப்ப எங்கன போவாரு?"

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"நான் இருபத்திரெண்டு வருசம் ஒரு கப்பல் கம்பெனி டெலிபோன் எக்சேஞ்சுல காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தவ. ராங் நம்பர்னு சொல்லி வைக்கதுக்கு ஒரு செகண்டு போதும். வச்சா என்ன ஆவும்? அடுத்த நிமிசம் அதே ஆளு அதே நம்பரைத்தான் சுத்துவாரு. அவருக்கு வேற நம்பர் தெரியாதுல்லா. ஒங்களுக்கு யாரு வேணும்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. வானிலைக்காரங்க நம்பரைத் தேடி எடுத்து அவருக்குப் போடுங்க. அவரு படிச்சப்புறம் கேள்விய எடுத்துருங்க. நாலு பேரு பாத்துச் சிரிக்க வேண்டாம். எடுத்தாச்சுன்னா அந்த ஆளுக்குப் பதில் கிடைச்சாச்சுன்னு மத்த அட்மினுக்கும் ஒரு அடையாளம். ரெண்டு பேரு ஒரே ஆளு பின்னால ஓட வேண்டாம் பாருங்க."

"சரிக்கா."

"அப்பாடி. குரல் வந்துட்டு."

இந்த வழக்கத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் வந்து நிற்கிறது. மற்ற இடங்களில் ஒரு கேள்வியை நீக்கினால் அது தண்டனை. எங்கள் குழுவில் அது உபசாரம். சம்பந்தமில்லாத கேள்வி வந்தால் முதலில் பார்க்கிற ஆள் பதில் தேடித் தர வேண்டும், எங்கே கேட்க வேண்டுமோ அந்த இடத்தைக் காட்ட வேண்டும், கேட்டவர் படித்தது தெரிந்ததும் கேள்வியை எடுத்துவிட வேண்டும். அட்மின்கள் மட்டும் இல்லை, பழைய உறுப்பினர்கள் எல்லோருக்குமே இது பழகிவிட்டது. யாராவது ஒரு கேள்வி போட்டு அது சிறிது நேரத்தில் மறைந்துவிட்டால், ஆளுக்கு உதவி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். யாரும் திரும்பிக் கேட்க மாட்டார்கள். கேட்டால் அந்த ஆளுடைய கூச்சத்தைக் கிளறுவது போல ஆகிவிடும். அக்கா பழக்கிய பழக்கம் அது. நல்ல பழக்கம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டே வருத்தப்படுகிறேன்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். எக்சேஞ்சை எடுத்த பிறகு அந்தக் கம்பெனியில் அவரைக் கம்ப்யூட்டர் பிரிவில் போட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் புத்தகம் வாங்கி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயாரைக் கடைசி வரை வைத்துப் பார்த்தார். ஒரே தம்பி மஸ்கட்டில். அக்கா மில்லர்புரத்தில் ஒரு வீட்டின் மாடியில் தனியாக இருந்தார். என் வீட்டிலிருந்து வண்டியில் போனால் இருபது நிமிஷம். ஐந்து வருஷத்தில் ஒருமுறைகூட நான் போகவில்லை. அவரும் வாருங்கள் என்று சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவேன், பொங்கலுக்கு அவர் அனுப்புவார். நினைத்துப் பார்த்தால், அவரும் என்னைப் போன்றவர்தான் என்று இப்போது தெரிகிறது. போனில் கேலியும் சிரிப்புமாகப் பேசிய மனுஷி, கம்பிக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிற வரைக்கும்தான் அப்படிப் பேசியிருப்பார். எதிரே முகம் வந்துவிட்டால் வேறு ஆள். அப்போது அது எனக்குத் தெரியாது.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொன்றரை மணி இருக்கும். மறுநாள் கப்பல் என்பதால் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. போன் ஒளிர்ந்தது. குழுவில் அக்கா எழுதியிருந்தார்.

"தலைப்புக்கு வெளியே ஒரு கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை எட்டு மணிக்கு எனக்கு ஒரு சின்ன ஆபரேஷன். கூட ஒரு ஆள் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்கிறார்கள். தூத்துக்குடியில் இருக்கிறவர்கள் யாராவது அரை நாள் வந்து உட்கார முடியுமா? ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்."

இரண்டு தடவை படித்தேன். வருகிறேன் அக்கா என்று எழுதியிருக்கலாம். அதை எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? "நான்" என்று அடித்தேன். பிறகு யோசித்தேன். பெண்கள் வார்டாக இருக்கும், ஆண்களை உட்கார விடுவார்களா? நீங்க யாரு, என்ன உறவு என்று நர்ஸ் கேட்டால் என்ன சொல்வது? கப்பல் நாளில் மேலாளரிடம் எப்படி லீவு கேட்பது? அக்காவுக்கே ஒரு பெண் வந்தால்தான் வசதியாக இருக்குமோ? நான் முந்திக்கொண்டு எழுதிவிட்டால், வரக்கூடிய ஒரு பெண் வராமல் போய்விடுவாளோ? அடித்ததை அழித்தேன். மறுபடி, எந்த ஆஸ்பத்திரி அக்கா என்று அடித்தேன். அந்த நேரம் ஒரு டிரைவர் பெட்டி எண் ஒத்துவரவில்லை என்று சீட்டோடு வந்து நின்றார். எழுந்து போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்து போனை எடுத்தபோது அக்காவின் கேள்வி அங்கே இல்லை. செய்தி நீக்கப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் இருந்தது.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. மற்றதெல்லாம் எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் நான் எழுதியது பொய். யாரோ ஒருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார், கேள்வியை எடுத்துவிட்டார், முடிந்தது. நல்ல மனுஷிக்கு ஆள் கிடைக்காமலா போகும்? அடித்துப் பாதியில் விட்ட வரியை அழித்துவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். நன்றாகவே சாப்பிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. முடிந்துபோன விஷயத்தில் சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

புதன்கிழமை முழுதும் அக்கா குழுவுக்கு வரவில்லை. ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை காலை வந்துவிட்டார். யாரோ பத்தாம் வகுப்பு மார்க் சீட் தொலைந்தது பற்றிக் கேட்டதற்கு எங்கே மனுக் கொடுக்க வேண்டும் என்று விவரமாக எழுதியிருந்தார். சின்ன ஆபரேஷன்தானே, இவ்வளவு சீக்கிரம் எழுந்துவிட்டாரே என்று சந்தோஷப்பட்டேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்டால், நீக்கிய கேள்வியை நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். பார்த்தும் பதில் சொல்லவில்லை என்பதும் தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை. அடுத்த புதன்கிழமை எனக்கு மட்டும் எழுதினார். "தம்பி, ஒரு வாரம் குழுவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு உடம்புக்கு அசதியாக இருக்கிறது." நான், "நீங்கள் உடம்பைப் பாருங்கள் அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினேன். "சரி தம்பி" என்று வந்தது. எங்களுக்குள் அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை அவருடைய போனிலிருந்து குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. எழுதியது மஸ்கட்டிலிருந்து வந்திருந்த தம்பி. அக்கா வெள்ளிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியில் காலமானார், பதினொரு மணிக்கு வீட்டில் ஜெபம், பிறகு நாசரேத்தில் அடக்கம் என்று இருந்தது. மேலாளரிடம் போய், ஒரு சாவு, போக வேண்டும் என்றேன். "போயிட்டு வாரும். இதுக்கு ஏன் ஓய் இப்படி நடுங்குதீரு?" என்றார். லீவு கேட்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. மனைவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அக்காவின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்ன உருவம். வெள்ளைச் சேலை உடுத்தி, கைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்தக் குரலுக்கு நான் மனதில் வைத்திருந்த முகம் வேறு. தலைமாட்டில் நின்ற தம்பி என்னைப் பார்த்தார். "இவிய அக்காவோட கம்ப்யூட்டர் குழுல உள்ளவிய" என்று என் மனைவிதான் சொன்னாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பப் பேசினாலும் ஒங்க குழுவைப் பத்தித்தான் சொல்லுவா" என்றார்.

ஜெபம் முடிந்து வெளியே வந்து நின்றபோது கீழ்வீட்டு அம்மா மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், அழுது கண்கள் வீங்கியிருந்தன. கோபமும் இருந்தது.

"குடலிறக்கம்மா. சின்ன ஆபரேஷன்தான். அன்னைக்கு புதன்கிழமை காலையில பையத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல ஏறுனாவ. எங்கனக்கான்னு கேட்டேன், இந்தா வந்துருதேன்னாவ. ஒம்பதரைக்கெல்லாம் திரும்பி வந்துட்டாவ. கூட ஆளு இல்லைன்னு சேக்கலியாம். டாக்டர் திருநெல்வேலியில இருந்து வாரவராம், பன்னெண்டு நாளு கழிச்சுத்தான் இனிமேன்னுட்டாவளாம். ஏங்கா, நான் கீழதான இருந்தேன், சீமையிலயா இருந்தேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதான்னு சண்ட போட்டேன். என்ன சொன்னாவ தெரியுமா? எங்க குழுவுல கேட்டேன், கேட்டப்புறம் மனசு கேக்கல, நான் போட்ட சட்டத்த நானே மீறலாமா, யாரும் பாக்கதுக்குள்ள எடுத்துட்டேன்னாவ. சட்டமாம்லா, சட்டம்! அடுத்த தேதிக்கு நான் வாரேன்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள வியாழக்கிழமை வயிறு கல்லு மாரி ஆயிட்டு. ஆட்டோவுல வச்சுத் தூக்கிட்டுப் போனோம். ஒண்ணும் செய்ய முடியல."

யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டேன் என்று அவர் நம்பியிருக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐந்தோ பத்தோ நிமிஷம் அந்தக் கேள்வி அங்கே இருந்திருக்கும். பதில் வருகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். அந்தப் பக்கம் "நான்" என்று அடித்து அழித்துக்கொண்டிருந்தவனை அவர் பார்த்திருக்க முடியாது. மாடிப்படி பன்னிரண்டு இறங்கி ஒரு கதவைத் தட்டுவதைவிட, முகம் தெரியாத நானூறு பேரிடம் கேட்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. அதைக்கூட அவரால் கால் மணி நேரம் தாங்க முடியவில்லை. எத்தனை பேருடைய சம்பந்தமில்லாத கேள்விக்கு எங்கெங்கோ தேடி வழி காட்டியவர், தன் கேள்விக்கு மட்டும் அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை. வேறு யார் கேட்டிருந்தாலும், சட்டம் கிடக்கட்டும், எந்த ஆஸ்பத்திரி என்று முதலில் கேட்டிருப்பார். அன்றைக்கே ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தைரியம் இல்லை.

திரும்பி வரும்போது வண்டியை உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தினேன். வெயில் உப்புக் குவியல்களில் பட்டுக் கண் கூசியது. அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி மனைவியிடம் அங்கே வைத்துத்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாடா என்று இருந்ததையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்களுக்குப் போகக் கூச்சமா இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா" என்றாள். "நான் போயிருப்பேனே. அன்னைக்கு எனக்கு என்ன வேலை? மாவு ஆட்டுனேன். துணி தொவைச்சேன்."

இன்றுவரை அவள் அதைப் பற்றி மறுபடி பேசியதில்லை. எட்டு மணிக்கு என் மனைவி அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், மடியில் அக்காவின் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்க்கதை பேசியிருப்பாள். நர்ஸ் என்ன உறவு என்று கேட்டால் அக்கா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பாள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவளிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது எனக்கு. கூச்சத்தை ஒரு நல்ல குணம் என்று சிறுவயதிலிருந்து என்னிடம் சொல்லி வந்திருக்கிறார்கள். யாருக்கும் தொந்தரவு தராதவன் என்பார்கள். தொந்தரவு தராமல் இருந்தே ஒரு ஆளைக் கைவிட முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது குழுவை நானும் இன்னும் நாலு பேரும் பார்த்துக்கொள்கிறோம். ரயில் நேரமும் ஆதாரும் மழையும் முன்புபோலவே வந்துகொண்டிருக்கின்றன. அக்கா எழுதுகிற மாதிரியே எழுதப் பார்க்கிறேன், வழியையும் காட்டுகிறேன். ஆனால் ஒரு கேள்வி திடீரென்று மறைந்துவிட்டால் இப்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. கேட்டவருக்குத் தனியாக எழுதி, யார் பதில் சொன்னார்கள் என்று கேட்கிறேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர், "தெரியாமப் போட்டுட்டேன்னு எடுத்தா, பின்னாலயே வந்து கேக்கீங்களே" என்று சலித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன். மறுபடி அடுத்த ஆளிடம் கேட்கிறேன்.

அடக்கத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குழுவில் இரங்கல் செய்திகளுக்குக் கீழே, அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா போட்டு நீக்கிய கேள்வியை நான் பார்த்தேன், பதில் எழுதவில்லை என்று எழுதினேன். சாயங்காலத்துக்குள், தாங்களும் அதைப் பார்த்ததாகவும், வேறு யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்ததாகவும் ஒன்பது பேர் எனக்குத் தனித்தனியாக எழுதினார்கள். அதில் நாலு பேர் தூத்துக்குடிக்காரர்கள்.